ஃபைன் கட்டினால் கேஸ் முடிந்ததா? முதல்முறையாக எஃப்.ஐ.ஆரில் பெயர் வந்தவர்களுக்கு

நீதிமன்ற வராண்டாவில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது: "சார், ஃபைன் கட்டிட்டா பேரு கிளியர் ஆயிடும்ல?" கேட்பவருக்குப் பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து வயது இருக்கும். கோயில் திருவிழாவில் தள்ளுமுள்ளு, வரப்புச் சண்டை, தெருக்குழாயில் தொடங்கிய வாய்த்தகராறு என்று ஏதோ ஒன்று. கூட வந்திருக்கும் மாமா, "ஒத்துக்கிட்டு ஐந்நூறோ ஆயிரமோ கட்டிட்டு வந்துடு, எத்தனை வாய்தாவுக்கு அலைவ?" என்று சொல்லிக்கொண்டிருப்பார். மாமாவின் அக்கறையில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் அது தண்டனைத் தீர்ப்பு. அந்தப் பையன் மூன்று வருடம் கழித்து போலீஸ் தேர்விலோ வங்கித் தேர்விலோ பாஸாகி, சரிபார்ப்புப் படிவத்தில் "தண்டனை பெற்றதுண்டா?" என்ற வரிக்கு வரும்போதுதான் அந்த ஐந்நூறு ரூபாயின் உண்மையான விலை தெரியவரும்.

சில நாடுகளில், சில வருடம் ஒழுங்காக இருந்தால் பழைய குற்றப் பதிவை அழித்துத் தரச் சட்டம் இருக்கிறது. இந்தியாவில் பதினெட்டு வயது தாண்டியவருக்கு அப்படிப் பொதுவான சட்டம் எதுவும் இல்லை. வழக்கு எந்த வாசல் வழியாக வெளியே போனதோ, அதுதான் கடைசிவரை உங்கள் பதிவு. அதனால் பெயரைக் காப்பாற்றும் வேலை எஃப்.ஐ.ஆர். விழுந்த நாளிலேயே தொடங்கிவிடுகிறது. கீழே இருப்பது தமிழ்நாட்டு நடைமுறையை ஒட்டி எழுதியது.

முதலில், கையில் இருக்கும் காகிதம் எது?

பதறுவதற்கு முன் காகிதத்தைப் பாருங்கள். ஸ்டேஷனில் யாராவது உங்கள் மீது மனு கொடுத்து, அதற்கு சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் போட்டிருந்தால், அது இன்னும் வழக்கு ஆகவில்லை. மனு விசாரணைதான். அங்கேயே பேசி முடிந்து போகிற தகராறுகள் ஏராளம். அப்படி முடிந்தால் எழுதிக் கொடுப்பதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். "இனி இதுபோல் தவறு செய்ய மாட்டேன்" என்ற வரி பல மனு விசாரணைக் கடிதங்களில் வழக்கம்போல் ஏறிவிடும். அடுத்த தகராறு வரும்போது அதே காகிதம்தான் முதலில் வெளியே வரும்.

எஃப்.ஐ.ஆர். என்றால் அதில் குற்ற எண்ணும் வருடமும் இருக்கும். பாலியல் குற்றங்கள் போன்ற சிலவற்றைத் தவிர, எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துக்குள் காவல்துறை இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் உத்தரவிட்டது. தமிழ்நாடு காவல்துறையின் தளத்தில் மாவட்டம், ஸ்டேஷன், எண் கொடுத்துப் பிரதியை எடுத்துக்கொள்ளலாம். எடுத்ததும் மூன்று நேரங்களைக் குறித்து வையுங்கள்: சம்பவம் நடந்ததாகச் சொல்லும் நேரம், புகார் கொடுத்த நேரம், எஃப்.ஐ.ஆர். மாஜிஸ்திரேட் கைக்குப் போன நேரம். விளக்கம் இல்லாத இடைவெளிதான் பல வழக்குகளில் குறுக்கு விசாரணையின் முதல் கேள்வி.

"107 கேஸ்", "110 கேஸ்" என்று சொல்வார்கள். அது ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) போன்ற நிர்வாக நடுவர் முன்னால் நன்னடத்தைப் பிணை எழுதி வாங்கும் நடவடிக்கை. 2024-இல் வந்த புதிய நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 126, 129. அதில் யாரையும் குற்றவாளி என்று தீர்மானிப்பதில்லை. ஆனால் எழுதிக் கொடுத்த பிணையை மீறினால் உள்ளே போக நேரிடும் என்பதால், கூப்பிட்ட தேதிக்குப் போய் பதில் சொல்லுங்கள்.

பிரிவு எண்களைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது, சுருக்கமாக பி.என்.எஸ். குற்றவியல் நடைமுறைச் சட்டமான சி.ஆர்.பி.சி.யின் இடத்தில் பி.என்.எஸ்.எஸ். அந்தத் தேதிக்கு முன்னால் நடந்த சம்பவம் என்றால் குற்றப் பிரிவு பழைய எண்ணிலேயே ஓடும். அதனால் கோர்ட்டில் இன்று இரண்டு மொழி பேசுகிறார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பழைய சட்டத்தில் "482" என்றால் எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யச் சொல்லி உயர் நீதிமன்றம் போகும் பிரிவு. புதிய சட்டத்தில் 482 என்பது முன்ஜாமீன். ரத்து மனு 528-க்குப் போய்விட்டது. "482 போட்டாச்சு" என்று வக்கீல் சொன்னால் எதைச் சொல்கிறார் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். நாங்களே உளறுகிறோம்.

தமிழ்நாட்டில் அடிதடி எஃப்.ஐ.ஆர். என்றால் ஒரு மூன்று பிரிவு ஜோடி சேர்ந்தே வரும். பழைய எண்ணில் 294(பி), 323, 506. புதிய எண்ணில் 296(பி), 115(2), 351. ஆபாசமாகத் திட்டினார், கையால் அடித்தார், மிரட்டினார். "அசிங்கமான வார்த்தைகளால் திட்டி, கையால் அடித்து, உன்னைத் தொலைத்துவிடுவேன் என்று மிரட்டி" என்ற வாக்கியத்தை ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர்கள் தூக்கத்திலும் எழுதுவார்கள். சாதாரண காயம் மட்டும் என்றால் மாஜிஸ்திரேட் அனுமதி இல்லாமல் போலீஸ் புலன்விசாரணை செய்ய முடியாது. ஆபாசப் பேச்சுப் பிரிவு கூட இருந்தால் செய்யலாம். அந்தப் பிரிவு இத்தனை எஃப்.ஐ.ஆரில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. ஆனால் வெறும் வசவு போதாது. பொது இடத்தில் பேசியிருக்க வேண்டும், பிறருக்கு எரிச்சல் ஊட்டியிருக்க வேண்டும், சொல் சட்டப்படி ஆபாசமாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022-இல் இதைத் திரும்பவும் சொன்னது.

351-ல் எது என்று பாருங்கள். 351(2) என்றால் அதிகபட்சம் இரண்டு வருடம். கொலை மிரட்டல் என்று 351(3) போட்டால் ஏழு வருடம் வரை. ஏன் முக்கியம்? மூன்று வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்களை நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்கக் காலவரம்பு உண்டு. அபராதம் மட்டும் உள்ள குற்றத்துக்கு 6 மாதம், ஒரு வருடம் வரை தண்டனை என்றால் 1 வருடம், மூன்று வருடம் வரை என்றால் 3 வருடம். அதற்கு மேல் தண்டனை உள்ள ஒரு பிரிவு சேர்ந்துவிட்டால் காலவரம்பே கிடையாது. ஐந்து வருடமாகக் குற்றப்பத்திரிகை வராமல் தூங்கும் சின்ன எஃப்.ஐ.ஆர். உங்கள் பெயரில் இருந்தால், முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். தாமதத்தை மன்னிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் காரணம் காட்ட வேண்டியது போலீஸ்.

ஒவ்வொரு பிரிவுக்கும் ஜாமீன் உரிமையா, நீதிபதியின் விருப்பமா என்று சட்டத்தின் பின்னிணைப்பு அட்டவணையில் இருக்கிறது. ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்றால் ஸ்டேஷனிலேயே ஜாமீன் தர வேண்டும். அது தயவு அல்ல.

நோட்டீஸ், கைது, ஜாமீன்

ஏழு வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்ததும் கைது செய்யக் கூடாது, முதலில் நோட்டீஸ் கொடுத்துக் கூப்பிட வேண்டும் என்பதுதான் 2014-லிருந்து உச்ச நீதிமன்றம் வலியுறுத்தும் நடைமுறை. இன்று அது பி.என்.எஸ்.எஸ். 35(3) நோட்டீஸ். வக்கீல்கள் பழக்கத்தில் "41ஏ நோட்டீஸ்" என்பார்கள். வந்தால் கட்டாயம் போங்கள். போகாமல் இருப்பதுதான் கைதுக்கு நீங்களே கொடுக்கும் காரணம். இந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்புவது செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று வீடியோ காலில் சீருடையோடு ஒருவர் வந்தால், அவர் திருடர். அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் இல்லை.

விசாரணையின்போது நீங்கள் சொல்வதைப் போலீஸ் எழுதும். அந்த வாக்குமூலத்தில் உங்கள் கையெழுத்து தேவையில்லை, சட்டமே வேண்டாம் என்கிறது. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை உங்களுக்கு எதிராக நிரூபிக்க முடியாது. ஆனால் அதை வைத்து ஒரு பொருளைக் கைப்பற்றினால், அந்தப் பொருளைக் காட்டிக்கொடுத்த பகுதி மட்டும் சாட்சியம் ஆகும். வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால் மறுக்கலாம்.

கைது ஆனால் காரணத்தைச் சொல்ல வேண்டும், வீட்டுக்குத் தகவல் போக வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். மாஜிஸ்திரேட் "போலீஸ் அடித்தார்களா?" என்று கேட்பார். அடித்திருந்தால் அங்கே சொல்லுங்கள். பின்னால் சொன்னால் நம்ப வைப்பது கஷ்டம். காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்றாலும் இலவச வக்கீல் உண்டு. நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும், தொலைபேசி 15100.

ரிமாண்ட் ஆகி 60 நாளில் குற்றப்பத்திரிகை வரவில்லை என்றால் ஜாமீன் உரிமையாகிவிடும். பத்து வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களுக்கு 90 நாள். குற்றப்பத்திரிகை வருவதற்குள் மனு போட்டிருக்க வேண்டும். ஒரு நாள் தாமதித்து இந்த உரிமையை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஜாமீன் நிபந்தனையாகத் தினமும் ஸ்டேஷனில் கையெழுத்து என்றால் அதை ஒரு நாளும் தவறவிடாதீர்கள். சில வாரம் ஒழுங்காகப் போட்டபின் தளர்த்தக் கேட்கலாம்.

வழக்கு கோர்ட்டுக்கு வந்ததும்

ஸ்டேஷனில் குற்ற எண்ணாக இருந்தது, குற்றப்பத்திரிகை கோப்புக்கு எடுக்கப்பட்டதும் வேறு எண் பெறும். சி.சி. என்றால் மாஜிஸ்திரேட் விசாரிப்பது. எஸ்.டி.சி. என்றால் சுருக்க விசாரணை, சில்லறை வழக்கு. பி.ஆர்.சி. என்றால் செஷன்ஸ் கோர்ட்டுக்கு அனுப்பக் காத்திருப்பது, போனபின் எஸ்.சி. ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்க சி.என்.ஆர். எண் உண்டு. இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா தெரியும். எஃப்.ஐ.ஆர். போட்டு வருடக்கணக்காக எந்தத் தகவலும் இல்லை என்றால் "முடிஞ்சிருக்கும்" என்று நினைக்காதீர்கள். சம்மன் பழைய முகவரிக்குப் போய், பிடிவாரண்ட் ஆகி, விமான நிலையத்தில் தெரியவருவது உண்டு. தேதிக்கு வர முடியாவிட்டால் வக்கீல் மூலம் "317" மனு போடச் சொல்லுங்கள். புதிய எண் 355, ஆனால் பெஞ்ச் கிளார்க்குக்கும் 317 என்றால்தான் புரியும்.

குற்றப்பத்திரிகை, சாட்சி வாக்குமூலங்கள், காயச் சான்று எல்லாம் உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டிய நகல்கள். முழுவதும் கிடைத்ததா என்று பக்கம் எண்ணிப் பாருங்கள். ஏனென்றால் நகல் வாங்கிய நாளிலிருந்து 60 நாளுக்குள் விடுவிப்பு மனு போடலாம் என்கிறது புதிய சட்டம். "இந்தக் காகிதங்கள் எல்லாம் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் என்மீது குற்றம் இல்லை" என்பதுதான் அந்த மனுவின் சாரம். அறுபது பேர் கலந்துகொண்ட மறியலில் ஏ47-ஆக, அதாவது நாற்பத்தேழாவது எதிரியாகப் பெயர் மட்டும் ஏறியவருக்கு இது பொருந்தும்.

மறியல், ஊர்வலம் என்றதும் ஒரு விஷயம். அரசு அதிகாரியின் உத்தரவை மீறியதற்கான பிரிவு பழைய 188, புதிய 223. இதில் அந்த அதிகாரி எழுத்து மூலம் நீதிமன்றத்தில் புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் எடுக்க முடியும். போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட்ட இப்படிப்பட்ட வழக்குகளை 2018-இல் சென்னை உயர் நீதிமன்றம் கொத்தாக ரத்து செய்தது. கல்லூரிக் காலத்துப் போராட்ட வழக்கு இன்னும் நிலுவையில் இருந்தால் இதைக் கேட்டுப் பாருங்கள்.

தற்காப்பு வாதங்கள்

குற்றத்தைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிப்பது அரசுத் தரப்பின் பாரம். நீங்கள் எதையும் நிரூபிக்காமலே விடுதலை ஆகலாம். ஆனால் "நான் அடித்தேன், என்னைக் காத்துக்கொள்ள அடித்தேன்" என்று சொன்னால், அந்த விதிவிலக்கைக் காட்டும் பொறுப்பு உங்கள் பக்கம் வரும். அரசுத் தரப்பு அளவுக்கு வேண்டாம், இருக்கக்கூடியதே என்று நீதிபதிக்குத் தோன்றினால் போதும். பி.என்.எஸ்-ல் 14 முதல் 44 வரை இந்த விதிவிலக்குகள். ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தை, சித்த சுவாதீனம் இல்லாதவர், நிகழ்வைத் தவறாகப் புரிந்துகொண்டு நல்லெண்ணத்தில் செய்தவர் எல்லாரும் அங்கே இருக்கிறார்கள். தானாகக் குடித்த போதை விதிவிலக்கு அல்ல. "குடிச்சிருந்தேன், தெரியாம நடந்துருச்சு" என்று நீதிபதியிடம் சொல்வது வாக்குமூலம்தான்.

ஊர்ச் சண்டைகளில் 34 முதல் 44 வரை உள்ள தற்காப்பு உரிமைதான் அடிக்கடி எழும். அதற்கு உங்கள் உடம்பில் இருந்த காயம் முக்கியம். அடிபட்ட அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ஏ.ஆர். என்ட்ரி போடச் சொல்லுங்கள். விபத்துப் பதிவேட்டில் "யார், எதால் அடித்தார்கள்" என்று டாக்டர் எழுதுவார். போலீஸுக்குப் பயந்து தனியார் கிளினிக்கில் தையல் போட்டுக்கொண்டு ஒளிந்தவர்கள் பின்னால் சிரமப்படுகிறார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் உடம்பில் இருக்கும் காயத்துக்கு அரசுத் தரப்பு சாட்சிகள் விளக்கம் சொல்லவில்லை என்றால், சம்பவத்தின் தொடக்கத்தையே மறைக்கிறார்கள் என்று வாதாட இடம் கிடைக்கும். நீங்களும் புகார் கொடுத்து அது கவுண்டர் கேஸ் ஆனால், இரண்டையும் ஒரே அதிகாரி விசாரிக்க வேண்டும் என்று கேளுங்கள்.

"நான் அங்கேயே இல்லை" என்பது வேறு வாதம். அதற்குச் சான்று வேண்டும், சீக்கிரம் வேண்டும். கடைகளின் சி.சி.டி.வி. பதிவு சில வாரங்களில் தானாக அழிந்துவிடும். அலுவலக வருகைப் பதிவு, ஃபாஸ்டேக் கழிவு, யு.பி.ஐ. செலுத்திய நேரம் எல்லாம் உதவும். பதிவைப் பென் டிரைவில் வாங்கினால் மட்டும் போதாது. மின்னணுச் சான்றுக்கான சான்றிதழ் இல்லாமல் கொடுத்தால் எதிர்த் தரப்பு ஆட்சேபிக்கும்.

பணத் தகராறில் மோசடி என்று 318(4), பழைய 420, போட்டிருந்தால் ஒரே கேள்வி: ஏமாற்றும் எண்ணம் வாங்கும்போதே இருந்ததா? கடன் வாங்கி, நான்கு தவணை கட்டி, ஐந்தாவது தவணையில் தொழில் நொடித்துப்போனது மோசடி ஆகாது. கட்டிய தவணைகளின் ரசீதுதான் இங்கே உங்கள் வக்கீல்.

சாட்சிகள் முடிந்ததும் நீதிபதி உங்களிடம் கேள்வி கேட்பார். பழைய நடைமுறைச் சட்டத்தில் 313, புதிய பி.என்.எஸ்.எஸ்-ல் 351. பெரும்பாலானவர்கள் எல்லாவற்றுக்கும் "பொய்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். சத்தியப்பிரமாணம் இல்லாமல் உங்கள் பக்கத்தைச் சொல்லச் சட்டம் கொடுக்கும் இடம் அது. முன்கூட்டியே வக்கீலோடு உட்கார்ந்து தயாராகுங்கள், எழுத்திலும் கொடுக்கலாம்.

எந்த வாசல் வழியாக வெளியே வருவது?

நான் அதிக நேரம் செலவழித்து விளக்குவது இந்த இடத்தைத்தான். வழக்கு "முடிவது" பல வகை, ஒவ்வொன்றும் உங்கள் பெயர் மீது வேறு வேறு தழும்பை விடும்.

புலன்விசாரணையிலேயே புகார் உண்மை இல்லை என்று "மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்" போட்டு போலீஸ் மூடுவது மிகச் சுத்தமான முடிவு. ஆனால் ஸ்டேஷனில் மூடினால் போதாது. புகார்தாரருக்கு வழக்கை மூடுவதாகச் சொல்லும் ஆர்.சி.எஸ். நோட்டீஸ் போய், அறிக்கை மாஜிஸ்திரேட் ஏற்றுக்கொண்டதாக இருக்க வேண்டும். ஏற்கப்பட்ட நகல் இல்லாமல் "எம்.எஃப். ஆயிடுச்சு" என்ற ரைட்டரின் வாய்ச்சொல்லை நம்பி வீட்டுக்குப் போகாதீர்கள்.

அடுத்தது ரத்து மனு. உயர் நீதிமன்றத்தில், சென்னையிலோ மதுரைக் கிளையிலோ, கிரிமினல் ஓ.பி. என்ற மனு போட வேண்டும். புகாரை அப்படியே ஏற்றாலும் குற்றம் ஆகாது, அல்லது வஞ்சம் தீர்க்கவே போட்டது என்று காட்ட வேண்டும். எந்தெந்தச் சூழலில் ரத்து செய்யலாம் என்று பஜன் லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த ஏழு வகைகள்தான் இன்றும் அளவுகோல். சமரசம் ஆகிவிட்டாலும் ரத்து கேட்கலாம். குடும்பத் தகராறு, கொடுக்கல் வாங்கல், பக்கத்து வீட்டுச் சண்டை போன்றவற்றில் கிடைக்கும். கொலை, பாலியல் வன்கொடுமை, கொள்ளை போன்றவற்றில் கிடைக்காது என்று உச்ச நீதிமன்றத்தின் 2012 தீர்ப்பு தெளிவாகச் சொல்கிறது.

கீழ் நீதிமன்றத்திலேயே சமரசம் செய்துகொள்ளும் பிரிவுகளும் உண்டு. அப்படி முடிந்தால் அது விடுதலைக்குச் சமம் என்று சட்டம் சொல்கிறது. கையால் அடித்தது, மிரட்டியது இரண்டும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆபாசமாகத் திட்டியது இல்லை! அந்த மூன்று பிரிவு ஜோடியில் அடிபட்டவரே மன்னித்துவிட்டாலும் வசவு மட்டும் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதற்காகவே உயர் நீதிமன்றம் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்தச் செலவைத் தவிர்க்க ஊரில் ஒரு குறுக்குவழி சொல்வார்கள்: புகார்தாரர் கூண்டில் ஏறி "எனக்கு எதுவும் தெரியாது" என்று பிறழ் சாட்சி ஆகிவிடுவார், வழக்கு தள்ளுபடி. பொய்ச் சாட்சி என்பது ஒருபுறம் இருக்கட்டும். போலீஸ் வேலைக்கு முயற்சி செய்யும் பையனுக்கு இது குழி. தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணிக்கான சிறப்பு விதி 14(பி)-யின் விளக்கம், சந்தேகத்தின் பலனாலோ புகார்தாரர் பிறழ் சாட்சியானதாலோ விடுதலை ஆனவரை வழக்கில் தொடர்புடையவராகவே கருதச் சொல்கிறது. சரிபார்ப்பு நேரத்தில் வழக்கு நிலுவையில் இருந்து, பின்னால் கௌரவமான விடுதலையோ மிஸ்டேக் ஆஃப் ஃபேக்டோ கிடைத்தால், அடுத்த தேர்வில் கலந்துகொண்டுதான் உரிமை கோரலாம். "கௌரவமான விடுதலை" என்ற சொல் நடைமுறைச் சட்டத்தில் எங்கும் இல்லை. அரசுத் தரப்பு சாட்சியத்தை முழுமையாகப் பரிசீலித்து, குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவே இல்லை என்று நீதிபதி எழுதுவதைத்தான் நீதிமன்றங்கள் அப்படிப் புரிந்துகொள்கின்றன. ஆகவே சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்து வழக்கை முழுவதும் நடத்துவது சில பேருக்கு வீம்பு போலத் தெரியும். அரசு வேலைக் கனவு உள்ளவருக்கு அது தேவை.

சம்பவம் உண்மை, சாட்சியமும் பலமாக இருக்கிறது என்றால்? அப்போதும் மாமா சொன்ன வழிக்கு முன் ஒன்று இருக்கிறது. 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டப்படி, முதல்முறை தவறியவரைக் கண்டித்தோ நன்னடத்தைப் பிணை எழுதி வாங்கியோ விடலாம். 21 வயதுக்கு உட்பட்டவரைச் சிறைக்கு அனுப்பாமல் இருப்பதுதான் விதி, அனுப்பினால் நீதிபதி காரணம் எழுத வேண்டும். இப்படி விடப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு வராது என்கிறது பிரிவு 12. தீர்ப்பே இல்லாமல் போய்விடாது, ஆனால் ஐந்நூறு ரூபாய் அபராதத்தைவிட எவ்வளவோ மேல். அந்தச் சட்டத்தைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்காமல் பல கோர்ட்டுகளில் வராது.

ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியவர்களுக்கு இன்னொரு கெட்ட செய்தி. ஒப்புதலின் பேரில் வந்த தண்டனையை எதிர்த்து, தண்டனையின் அளவு, சட்டப்பூர்வத்தன்மை தவிர மேல்முறையீடு கிடையாது. விசாரணை நடந்து தண்டனை வந்திருந்தால் மாஜிஸ்திரேட் தீர்ப்பை எதிர்த்து 30 நாளுக்குள் செஷன்ஸ் கோர்ட் போகலாம்.

பதினெட்டு வயதுக்கு முன் நடந்தது என்றால் கதை வேறு. இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 24-இன்படி தகுதியிழப்பு கிடையாது, மேல்முறையீட்டுக் காலம் முடிந்தபின் பதிவுகளை அழிக்க வேண்டும். கொடுங்குற்றத்துக்காகப் பெரியவராகக் கருதி விசாரிக்கப்பட்ட 16 வயதுக்கு மேற்பட்டவர் மட்டும் விலக்கு. பள்ளிப் பருவத்து வழக்கை முப்பது வயதில் படிவத்தில் எழுதிக்கொண்டிருப்பவர்களுக்கு இது தெரிவதில்லை.

முடிந்த பிறகு

படிவங்களில் கேள்வியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். "தண்டனை பெற்றதுண்டா?" "வழக்கு நிலுவையில் உள்ளதா?" "எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா?" மூன்றும் வேறு. அமெரிக்க விசா விண்ணப்பம் கைதானதையே கேட்கிறது, விடுதலை ஆனாலும் ஆம் என்றுதான் எழுத வேண்டும். அரசு வேலையில் வழக்கைவிட மறைத்ததுதான் அதிகம் பேரைக் கவிழ்த்திருக்கிறது. உண்மையைச் சொன்னவரின் சின்ன வழக்கை வேலை தருபவர் பரிசீலித்து மன்னிக்க இடமுண்டு, மறைத்தவருக்கு அந்த இடம் குறுகிவிடும் என்பதே 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம்.

பாஸ்போர்ட்டுக்கு வெறும் எஃப்.ஐ.ஆர். தடை அல்ல, நீதிமன்றம் வழக்கை எடுத்திருந்தால்தான் தடை. அப்போதும் வழக்கு நடக்கும் கோர்ட்டிலேயே அனுமதி வாங்கிக் கொடுத்தால் பாஸ்போர்ட் கிடைக்கும். மத்திய அரசின் 1993 அறிவிப்பின்படி, உத்தரவில் காலம் குறிப்பிடவில்லை என்றால் ஒரு வருடத்துக்குத்தான் தருவார்கள். ஆகவே மனுவிலேயே எத்தனை வருடம் என்று கேளுங்கள்.

விடுதலை ஆனாலும் ஸ்டேஷன் கணினியில் பழைய எஃப்.ஐ.ஆர். "விசாரணையில்" என்றே நிற்கலாம். தீர்ப்பின் சான்றிட்ட நகலோடு ஸ்டேஷனுக்கும் எஸ்.பி. அலுவலகத்துக்கும் மனு கொடுத்து, பெற்றதற்கு ரசீது வாங்குங்கள். நடக்கவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. கைரேகை, புகைப்படம் போன்ற அளவுகளை 2022-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டப்படி 75 வருடம் வைத்திருக்கலாம். முன்தண்டனை இல்லாதவர் விடுவிக்கப்பட்டாலோ, எல்லா மேல்முறையீடும் முடிந்து விடுதலை ஆனாலோ, நீதிமன்றம் வேறுமாதிரி எழுதாதவரை அவற்றை அழிக்க வேண்டும். இதையும் அதே மனுவில் சேர்த்துவிடுங்கள்.

இணையத்தில் தீர்ப்பில் இருக்கும் பெயர்? விடுதலை ஆன ஒருவர் தன் பெயரை நீக்கக் கேட்டார். 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் உயர் நீதிமன்ற அமர்வு நீக்கச் சொன்னது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. இதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

கடைசியாகச் சலிப்பூட்டும் வேலை ஒன்று. தீர்ப்பு வந்த வாரமே நகல் மனு போட்டு, தீர்ப்பின் சான்றிட்ட நகல் மூன்று வாங்கிவிடுங்கள். ஒன்று ஸ்டேஷனுக்கு, ஒன்று வீட்டுக்கு, ஒன்று வேலை தருபவர் கேட்கும்போது. நீதிமன்றக் கோப்புகளுக்கும் ஆயுள் உண்டு, காலக்கெடு முடிந்ததும் அழித்துவிடுவார்கள். பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து நியமன ஆணைக்காக ஓடி வருகிறவரிடம் ரெக்கார்டு ரூமில் பதிவேட்டின் ஒரு வரியைத்தான் காட்டுவார்கள். அந்த வரியில் "விடுதலை" என்று இருக்கும். ஏன் விடுதலை என்று இருக்காது.